சேனை வைத்த விரல்

கையைக் கழுவு, கையைக் கழுவு என்று சுவர் பூரா ஒட்டி வைத்திருக்கிறார்கள். கழுவியாயிற்று, துடைத்தாயிற்று, இன்னும் கழுவச் சொன்னால் தோலைத்தான் உரிக்க வேண்டும். இந்த இரும்பு பெஞ்சில் ஓட்டை ஓட்டையாகப் போட்டவன் எவனோ, அவனை ஒரு நாள் முழுக்க இதில் உட்கார வைக்க வேண்டும். எதிரே கண்ணாடிக் கதவு. கண்ணாடி என்று பேருக்குத்தான், உள்ளே ஒன்றும் தெரியாதபடி பால் நிறத்தில் தாள் ஒட்டியிருக்கிறது. தாளுக்கு அந்தப் பக்கம் என் தம்பி வேலாயுதத்தின் மகள் கிடக்கிறாள், பிறந்து ஒரு வாரம் ஆகாதவள், இன்னும் பேர் வைக்காதவள், என் முழங்கை நீளம்கூட இல்லை. கதவுப் பக்கத்தில் ஒரு குழந்தைப் படம் மாட்டியிருக்கிறார்கள், பூனைக் கண்ணும் செம்பட்டை முடியுமாக, எந்த ஊர்க் குழந்தையோ, நம்மூரில் அப்படி ஒன்று பிறந்தால் வீட்டில் அடிதடிதான் நடக்கும். நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. பக்கத்தில் திரும்பினால் இவர். என் வீட்டுக்காரர். ஆறுமுகநயினார் என்று கோயில் கோபுரம் மாதிரிப் பேர், உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடை மாதிரி. நேற்றிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் காப்பி வாங்கிக் கொடுத்தேன், ஆடை படிந்து அப்படியே பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் நஸ்ரின் நேற்று மத்தியானம் வெளியே வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. "பிறந்ததுலேர்ந்து வாயில ஏதாவது குடுத்தீங்களா? சீனித் தண்ணி, தேன், உரமருந்து, ஏதாவது?" அவள் கேட்டு முடிக்குமுன்னே செண்பகம் பாய்ந்தாள். "ஐயோ, ஒண்ணுமே இல்ல டாக்டர். தாய்ப்பால் மட்டுந்தான். நாங்க என்ன படிக்காதவங்களா?" செண்பகம் என் தம்பி பொண்டாட்டி பகவதியின் அக்கா. மூன்று பெற்றவள், அதனால் இந்தக் கட்டடத்தில் இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் தானே மூத்தவள் என்கிற நினைப்பு. நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது, அதற்கு ஒரு பெருமூச்சுச் சத்தம். அந்த ஒரு நொடிதான். பேசுவதற்கென்றே செய்து அனுப்பிய வாய் என்று ஊரே சொல்கிற இந்த வாய், வாத்தியாரம்மாவிலிருந்து கேஸ் சிலிண்டர்காரன் வரை ஒருத்தரையும் விட்டு வைக்காத இந்த வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. ஏன்? இவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுமட்டும் இல்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

சேனை வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் யாராவது ஒருத்தர் விரலால் இனிப்பைத் தொட்டு வைக்க வேண்டும், யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். என் நாக்கில் வைத்தவர் யார் என்று தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று நான் ரொம்ப நாள் நினைத்ததுண்டு, ஆள் செத்துப் போனார். பிறந்த மறுநாள் மேலே வார்டில் பகவதி கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சாய்ந்திருந்தாள். செண்பகம் வெள்ளிக் கிண்ணத்தில் தேனை ஊற்றி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும் அவள் கண் நிற்கவே இல்லை, பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரித் தாண்டிப் போனது. "மதினி தொட்டு வச்சா புள்ளை நர்ஸம்மாவையே எதுத்துப் பேச ஆரம்பிச்சிரும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். "அண்ணாச்சி வைக்கட்டும். மதினியவே இத்தன வருஷமாப் பொறுத்துட்டு இருக்காகளே, அந்தப் பொறுமையில கால்வாசி வந்தாப் போதாதா புள்ளைக்கு?" பகவதிகூட, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். இவர் வேண்டாம் வேண்டாம் என்றார், பிறகு வேட்டி ஓரத்தில் விரலைத் துடைத்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், நீட்டிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. விரலைத் தேனில் நனைத்து அதன் உதட்டில் வைத்தார். அது பிடித்துக்கொண்டது. "குழலி, இழுக்கா பாரு, எப்பிடி இழுக்கா பாரு," என்றார் என்னிடம். முப்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட இல்லை.

அதற்கு இரண்டாம் நாள் குழந்தை பால் குடிக்க மறந்துவிட்டது. அழவில்லை. காய்ச்சல்கூட இல்லை, உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. தம்பி தொட்டுப் பார்த்து, ஃபேன் காத்து ஒத்துக்கலை போல என்றான். ஃபேனை நிறுத்தினோம். எங்கள் அறிவு அவ்வளவுதான். டாக்டர் நஸ்ரின்தான் சொன்னாள், ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது, பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்குக்கூட உடம்பு பழகியிருக்க வேண்டும், இதுகளுக்குப் பல சமயம் வராது, குளிர்ந்துதான் போகும் என்று. வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்றாள். நான் விடுவேனா? கிருமி வந்தால் கூடத்தானே செய்யும், குறையுமா என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தாள், புடவைத் தலைப்பில் கைதுடைத்துக்கொண்டு நிற்கிற பொம்பளைக்கு இது எப்படித் தெரியும் என்று. "பெரியவங்களுக்குக் கூடும்மா. எலும்புக்குள்ள மஜ்ஜையில நிறையச் சேமிச்சு வச்சிருக்கும், கிருமி வந்தா எடுத்து அனுப்பும். பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பு கொஞ்சந்தான். இருக்கிறதெல்லாம் சண்டைக்குப் போயிருச்சுன்னா அனுப்ப ஆள் இல்ல. அதான் குறையுது. குறையறதுதான் எங்களுக்குப் பயம்." பிறகு அவளாகவே சொன்னாள், இருக்கிற அணுவும் ரத்தக் குழாய்ச் சுவரில் சரியாக ஒட்டாது, ஒட்டினால்தானே சுவரைத் தாண்டிக் கிருமி இருக்கிற இடத்துக்குப் போகும், வழி தெரியாமல் ரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும் என்று. அவள் போன பிறகும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனூண்டு உடம்பு. அதற்குள் பஸ் நிறுத்தத்தில் இறங்கத் தெரியாமல் ஊரைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் மாதிரி அதுகள். இறங்கு, இங்கேதான், இறங்கு என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து கத்த முடியுமா?

கான்வென்டில் சிஸ்டர் செலஸ்டின் இந்தப் பாடம் நடத்தினார்கள், போர்டில் வெள்ளைச் சாக்பீஸால் வெள்ளை அணுவை வரைந்தார்கள், வடைமாவு தரையில் விழுந்த மாதிரி ஓரமெல்லாம் வழிந்துகொண்டு. குழல்வாய்மொழி என்கிற என் பேர் வாயில் நுழையாமல் என்னை 'குழல்' என்று மட்டும் கூப்பிட்ட கேரளத்து சிஸ்டர். இவர்கள் படைவீரர்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். படைவீரர் என்றால் யாராவது உத்தரவு கொடுக்க வேண்டாமா சிஸ்டர், இதுகளுக்கு யார் கொடுப்பது என்று கேட்டேன், வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்றுகொண்டு யோசித்தேன், இப்போதும் வெளியேதான் நிற்க வைத்திருக்கிறார்கள், இப்போதும் அதே யோசனைதான். படைவீரர் இல்லை. துஷ்டி வீட்டுக்கு வருகிற பொம்பளைகள் மாதிரி. யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம், பந்தல் போடுமுன்னே வந்து நிற்பார்கள், செத்தது யார், நமக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று பார்க்க மாட்டார்கள், வந்ததும் ஒருத்தி தண்ணீர் எடுப்பாள், ஒருத்தி அடுப்பைப் பார்ப்பாள். யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை அது. பிறக்கும்போதே கூடப் பிறந்தது. கிருமியைக் கண்டால் பேர் கேட்காது, ஊர் கேட்காது, வளைத்துப் பிடித்து விழுங்கும், விழுங்கிவிட்டுத் தானும் சாகும். புண்ணில் சீழ் சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அது பூரா அதுகளின் பிணம். இன்னொரு வகை உண்டு. அது ஒரு தடவை பட்டால் மறக்காது. வந்தவன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பல வருஷம் கழித்து வந்தாலும் அடையாளம் கண்டு அடிக்கும். அது வளர்ந்த பிறகுதான் வரும், பட்டுப் பட்டுத்தான் வரும். நான் அந்த ஜாதி. என் கல்யாணத்தில் யார் யார் என்ன குறை சொன்னார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இவர் முதல் வகை. நான் சொன்னதை எல்லாம் விழுங்கி விழுங்கியே இத்தனை வருஷம் ஓட்டியவர். அவருக்குள்ளே எவ்வளவு செத்துக் கிடக்கிறதோ, யார் ரத்தம் எடுத்துப் பார்த்தது?

சரி, பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்ததைப் பார்த்துவிடுகிறேன். நான் சொன்னால் என்ன ஆகும்? டாக்டருக்குத் தேன் சமாச்சாரம் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் என்ன தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இது ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் வாயைத் திறந்தால் அது என்னவாகக் கேட்கும்? தன்னைக் கூப்பிடவில்லை என்று பொறாமை, வாய்ப்பு கிடைத்ததும் கட்டின புருஷனையே காட்டிக்கொடுத்துவிட்டாள். செண்பகம் அதைச் சங்கரன்கோவில் வரைக்கும் கொண்டு போவாள். கொண்டு போகட்டும், எனக்கென்ன. எனக்கென்ன என்று சொல்லும்போதே தெரிகிறது, எனக்கு இருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு அந்தக் கிண்ணம் என்னைத் தாண்டிப் போனபோது எனக்கு வலித்தது நிஜம். நேற்று டாக்டர் கேட்ட அந்த நொடியில் அந்த வலி உள்ளே ஒரு ஓரத்தில் எழுந்து உட்கார்ந்து, பார்த்தாயா, என்னை வைக்கச் சொல்லியிருந்தால் நான் கையைக் கழுவியிருப்பேன், பாட்டிலைப் பார்த்திருப்பேன், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன் என்றது. அதைக் கேட்டுத்தான் என் வாய் பயந்து ஒட்டிக்கொண்டது. நான் பேசினால் பேசுவது நானா, அதுவா? ஒரு நாள் போய்விட்டது. யோக்கியமான காரணம் வரட்டும் என்று காத்திருக்கிற நேரமா இது? உள்ளே ஒருத்தி ஆள் போதாமல் கிடக்கிறாள். ஆனால் இவர். இவரிடம் 'உங்க விரல்தான்' என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனுஷர் இனி எந்தக் குழந்தையையும் தொட மாட்டார். தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்குத் தெரியும். இழுக்கா பாரு என்ற அந்தக் குரலை இன்னொரு தடவை நான் கேட்கப் போவதில்லை. குழந்தை, இவர், குழந்தை, இவர். தராசுத் தட்டு மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுகிறது மனசு, தராசு என்று நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. எடைபோடுகிற விஷயமா?

செண்பகம் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "அண்ணாச்சி, நாலு இட்லியாவது சாப்பிடுங்க. நீங்க பட்டினி கிடந்தா புள்ளை எந்திரிச்சிருமா?" இவர் தலையை ஆட்டினார், ஆமாமா இல்லையா என்று தெரியாத ஆட்டம். "மதினி, நீங்களாவது சொல்லுங்க. அட, ஊர்ல எல்லாத்துக்கும் பேசுவீக, இதுக்கு மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?" கொழுக்கட்டைதான். நான் அவளைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, ராத்திரி பூரா அழுதிருக்கிறாள், அழுததை மறைக்கப் பவுடர் போட்டிருக்கிறாள், பவுடரும் திட்டுத் திட்டாக. அவளுக்கும் தெரியும். அவள் கொண்டு வந்த தேன்தானே. அவள் பயம் அவளுக்கு. "செண்பகம், டாக்டர் வந்ததும் தேன் விஷயத்தச் சொல்லப் போறேன்," என்றேன். பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "மதினி, வேண்டாம் மதினி. மேல பகவதி காதுல விழுந்தா அவ உயிரையே விட்ருவா. எங்க வீட்டுக்காரர் என்னை வச்சு வாழ மாட்டாரு. ஆண்டவன் காப்பாத்துவான். டாக்டருக்கு ஊசி போடத் தெரியாதா, தேனு தெரிஞ்சுதான் போடணுமா?" இவர் அப்போதும் நிமிரவில்லை. ஆனால் பாதம் அசைந்தது, செருப்பில்லாத பாதத்தின் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ சுருக்கென்று வழி பிடித்துக்கொண்டது. யோசித்துச் செய்ததில்லை. ரொம்ப எளிது. இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்றுதான் இருந்தது. டாக்டருக்கு வேண்டியது தேன். விரல் யாருடையது என்று அவளுக்கு எதற்கு?

கதவு பெருமூச்சு விட்டது. டாக்டர் நஸ்ரின் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தாள். "காலையில எடுத்த ரத்தத்துல நேத்தவிட வெள்ளை அணு குறையல. ஏறவும் இல்ல. இன்னிக்குப் பூரா பாக்கணும்." குறையவில்லை என்பதைப் பிடித்துக்கொள்வதா, ஏறவில்லை என்பதைப் பிடித்துக்கொள்வதா. எதையும் பிடிக்க நேரமில்லை. "டாக்டர், நேத்து நீங்க கேட்டீங்கல்ல. தேன் வச்சோம். பிறந்த மறுநாள், நாக்குல. நான்தான் வச்சேன்." அவ்வளவுதான். வாய் திறந்தது, மூடியது. செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவள் முகத்தில் மூச்சு வந்தது, வந்த வேகத்திலேயே, "ஆமா டாக்டர், மதினிதான். நாங்க எவ்வளவோ சொன்னோம், கேக்கல. அவுக யார் சொன்னா கேப்பாக?" என்றாள். என்ன கெட்டிக்காரி. அந்த நிலையிலும் எனக்கு அவளைப் பாராட்டத்தான் தோன்றியது.

பெஞ்ச் கிறீச்சிட்டது. இவர் எழுந்து நின்றுவிட்டார். "செண்பகம், சும்மா இரு," என்றார். செண்பகம் சும்மா இருந்தாள், அவர் குரல் அப்படி. "டாக்டர், இவ பொய் சொல்லுதா. வச்சது நான். கை கழுவல. வேட்டியில துடைச்சுட்டு வச்சேன்." நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டர் எங்களில் ஒருத்தரையும் திட்டவில்லை. "யார் வச்சாங்கன்னு நான் கேக்கல. பாட்டில் வீட்ல இருக்கா? எவ்வளவு வச்சீங்க? ஒரு தடவையா?" ஒரு தடவை, ஒரு சொட்டு, பாட்டில் இருக்கிறது. "தேன்லேர்ந்து வர்ற வேற ஒரு வியாதி இருக்கு, கை கால் துவண்டு போகும், அதையும் சேர்த்துப் பாத்துக்கறோம். சொன்னது நல்லது. நேத்தே சொல்லியிருக்கணும்." உள்ளே போகத் திரும்பினாள். "இதனாலதான் வந்துச்சா டாக்டர்?" இவர் கேட்டார். அவள் நின்றாள். கொஞ்சம் பொய் சொல்லேன் பெண்ணே என்று நான் வேண்டிக்கொண்டேன், கான்வென்ட் ஜெபத்திலும் தேவாரத்திலுமாக மாறி மாறி. "தெரியாது சார். பனிக்குடம் பிரசவத்துக்கு முந்தின நாளே உடைஞ்சிருக்கு, அதனாலயும் வந்திருக்கலாம். உங்க விரலாலயும் இருக்கலாம். இனிமே கண்டுபிடிக்க முடியாது." கதவு மூடிக்கொண்டது.

இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாடிப் படிப்பக்கம் நடந்தார். நானும் எழுந்தேன். "எங்க போறீங்க?"

"பகவதிட்டச் சொல்லிட்டு வாரேன். அடுத்த ஆள் சொல்லி அவ கேக்கக் கூடாது."

"இருங்க, நானும் வாரேன். நீங்க பாட்டுக்கு என்னத்தையாவது சொல்லி—"

"நீ வராத." திரும்பி என்னைப் பார்த்தார், நேற்றிலிருந்து முதல் தடவையாக. "நீ பக்கத்துல நின்னா அவ உன்னத்தான் ஏசுவா. எல்லாரும் அப்படித்தான் பழகிட்டாக. என்னை ஏசட்டும்."

ஏறினார். கைப்பிடியைப் பிடிக்காமல், ஒவ்வொரு படியாக, முழங்கால் வலியோடு. வளைவில் திரும்பி மறைந்தார். செண்பகம் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மேலே ஒரு கதவு திறந்தது. கீழே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மிஷின் விட்டு விட்டுக் கூவியது, எங்கள் பிள்ளையுடையதா வேறு யாருடையதா தெரியவில்லை. எந்தப் பக்கம் காது கொடுப்பது என்று தெரியாமல் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். மேலே இவர் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. பிறகு அவர் பேசி நிறுத்தினார். பகவதியின் சத்தம் வரட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறேன்.